சுருளும் உலையும்: மேற்குச் சென்னைத் தொழிற்பேட்டைகளில் பொருட்சுழற்சி

1955-ஆம் வருஷம் ஜனவரியில் ஆவடியில், சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்ட பந்தலில், தேபரின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிஸ மாதிரியில் அமைந்த சமுதாயமே தேசத்தின் திட்டங்களுக்கு லட்சியம் என்று தீர்மானித்தபோது, தலைவர்களின் மனத்தை நிறைத்திருந்தவை இரண்டு கேள்விகள்: உற்பத்தியைப் பெருக்குவது எப்படி, பெருகிய செல்வத்தை நியாயமாகப் பங்கிடுவது எப்படி. அடுத்த பதினைந்து வருஷங்களுக்குள், பாடியிலிருந்து அம்பத்தூர் வழியாக ஆவடி வரையில், டயரும் பிரேக்கும் டாங்கியும் செய்யும் ஆலைகள் வரிசையாக எழுந்து முதற் கேள்விக்கு ஒரு விடையைக் கண்கூடாகவே காட்டின. ஆனால் உற்பத்தியின்போது கழிந்ததும், உபயோகத்தில் தேய்ந்துபோனதும் எங்கே போய்ச் சேருகின்றன, அவற்றை மறுபடியும் உற்பத்திக்கே கொண்டுவர வழியுண்டா, அப்படிக் கொண்டுவரும் உழைப்பின் பலன் யாருக்குக் கிடைக்கிறது என்ற மூன்றாவது கேள்வி அன்று சபைக்கு வரவில்லை. இன்று வளரும் நாடுகளின் அபிவிருத்தியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அதை விட்டுவிட்டு மேலே போக முடியாத நிலை ஏற்பட்டிருக்கிறது.

மேனாட்டார் எழுப்பியபின்தான் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றியது என்று நினைப்பது சரியல்ல. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கையும் நியூயார்க்கில் பொருளாதாரமும் கற்று, பிறகு காந்திஜியின் கிராமக் கைத்தொழில் இயக்கத்துக்குத் தம்மை முழுவதும் ஒப்புக்கொடுத்த ஜே. சி. குமரப்பா, சிறைவாசத்தின்போது எழுதி 1945-ல் வெளியிட்ட நிரந்தரப் பொருளாதாரம் பற்றிய நூலில், எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் நிலக்கரி, பெட்ரோலியம், தாதுக்கள் ஆகிய சேமிப்பை நம்பி நடக்கும் வாழ்க்கையையும், வருஷந்தோறும் ஊறிவரும் இயற்கையின் வரவை நம்பி நடக்கும் வாழ்க்கையையும் வேறு பிரித்துக் காட்டி, முன்னது போட்டியிலும் யுத்தத்திலும் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். பூமியை எல்லையுள்ள ஓர் ஆகாயக் கப்பலாகக் கருத வேண்டும் என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் போல்டிங் எழுதியது அதற்கு இருபத்தொரு வருஷங்களுக்குப் பிறகு, 1966-ல். சீனா பொருட்சுழற்சிக்கென்றே சட்டம் இயற்றி 2009-ல் அமலுக்குக் கொண்டுவந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் வகுத்த பதினேழு லட்சியங்களில் பன்னிரண்டாவது, பொறுப்பான உற்பத்தியும் நுகர்வும் என்பது. பெரிய யந்திரசாலைகளைக் குமரப்பா விரும்பியவரல்லர் என்பதை மறக்கலாகாது. ஆனாலும் அம்பத்தூரைப் போன்ற ஓர் இடத்தை ஆராய்வதற்கு அவர் தந்த அளவுகோலைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்தவரையில் வேறில்லை.

இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டும் ஊர் டென்மார்க்கிலுள்ள கலுண்ட்போர்க். அங்கே மின்நிலையத்தின் நீராவியை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் மருந்து ஆலையும் வாங்கிக்கொள்வதும், மின்நிலையத்துப் புகையைக் கழுவும்போது கிடைக்கும் ஜிப்சத்தைச் சுவர்ப்பலகை ஆலை எடுத்துக்கொண்டதும், 1970-களிலிருந்து படிப்படியாக வளர்ந்த ஏற்பாடுகள். அது போற்றத்தக்கதுதான், ஆனால் அங்கே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய ஆலைகள், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே குழாய் போட்டுவிட்டால் காரியம் முடிந்தது. 1964-ல் தொடங்கப்பெற்று, 1,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு தொழிலகங்களைத் தாங்கி நிற்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் குழாய் போட்டுத் தீரும் காரியங்கள் சொற்பம். இங்கே பொருளும் கழிவும் பணமும் தகவலும் குட்டியானை என்று ஊரார் அழைக்கும் சிறிய வண்டிகளிலும், கைபேசிப் பேச்சிலும், சட்டைப்பையில் மடித்து வைத்த சலான்களிலும் பயணம் செய்கின்றன. வளரும் நாடுகளில் தொழில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பதனால், இந்தக் கேள்விக்கு டென்மார்க் சொல்லும் விடையைவிட அம்பத்தூர் சொல்லும் விடையே நமக்கு அதிகப் பிரயோஜனமுள்ளது.

இந்தப் பிரதேசத்தில் ஆலைகள் தனித்தனியே முளைத்தவையல்ல என்பதை முதலில் கவனிக்க வேண்டும். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலைக்கு அம்பத்தூர் தாயகமாயிற்று. 1955-ல் ஆவடியில் ஏற்பட்ட டியூப் பிராடக்ட்ஸ் ஆலை அந்தச் சைக்கிளுக்கு வேண்டிய எஃகுக் குழாய்களைச் செய்யவே பிறந்தது. அம்பத்தூரில் டன்லப் டயர் ஆலை எழுந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை அடுத்தடுத்து அமைந்தன. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. இந்தப் பெரிய ஸ்தாபனங்களுக்கு வேண்டிய திருகும் தண்டும் அச்சும் செய்து கொடுக்கவே தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பெருகின. பின்னர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்த் தொழிற்சாலைகள் வந்தபோது, பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசையிலும், குன்றத்தூர்ப் பக்கம் திருமுடிவாக்கத்திலும் சிட்கோ என்னும் மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகத்தின் பேட்டைகள் அதே வேலையை மேற்கொண்டன. 1998-ல் சுந்தரம் கிளேட்டன் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. தரத்தையும் சிக்கனத்தையும் பற்றிய ஜப்பானியப் பாடங்கள் இந்த மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றின என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

ஒரு சாதாரண எஃகுத் தண்டின் யாத்திரையைப் பார்ப்போம். மூலக்கம்பியை வாள் யந்திரத்தில் துண்டு போடுவது ஒரு கொட்டகை. லேத்தில் அல்லது கணினியால் இயங்கும் சி.என்.சி. யந்திரத்தில் கடைவது மற்றொன்று. உலையில் சுட்டுப் பதம் ஏற்றுவது மூன்றாவது. சாணை பிடித்து நுண்ணளவுக்குக் கொண்டுவருவது நான்காவது. துத்தநாகப் பூச்சுப் பூசுவது ஐந்தாவது. ஒவ்வொரு கொட்டகைக்கும் உடைமையாளர் வேறு, வீதி வேறு. ஆனால் பொருளின் சொந்தக்காரர் ஒருவரே. மற்றவர்கள் ஜாப் ஒர்க் என்ற கூலி வேலை செய்து தருகிறவர்கள். ‘டி.சி. போட்டாச்சா?’ என்று கேட்காமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டுவதில்லை; டெலிவரி சலான் என்ற அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பொருள் யாருடையது என்பதற்கே சாட்சியம் கிடையாது. இப்படி அனுப்பிய பொருள் ஒரு வருஷத்துக்குள் திரும்பி வரவேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் விதி. பொருள் தன் இருப்பிடத்துக்குத் திரும்புவதைக் கண்காணிக்கும் பழக்கம், புதிய சொற்களெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தத் தொழிலாளிகளின் கையில் இருந்து வருகிறது. பெரிய கம்பெனிகளுக்குப் பாகங்கள் போகும் பிளாஸ்டிக் டிரேக்களும் இரும்புக் கூடைகளும் மறுநாள் காலியாகத் திரும்பி வருகின்றன, அட்டைப்பெட்டி மிச்சமாகிறது. அது யாரும் விளம்பரம் செய்யாத, ஆனால் உண்மையான சிக்கனம்.

திரும்பி வருகிற தண்டை மட்டும் பார்த்தால் போதாது. கடையும்போது அதிலிருந்து கழன்று விழுந்த சுருளின் கதியையும் பார்க்க வேண்டும். எஃகைக் கடைந்தால் வரும் நீண்ட சுருளுக்கு டர்னிங் என்றும், வார்ப்பிரும்பைக் கடைந்தால் உதிரும் பொடிச் சில்லுக்குப் போரிங் என்றும் பட்டறைகளில் பெயர். குளிரூட்டும் எண்ணெய் நீர் சொட்டச் சொட்ட அதை வாரிப் பீப்பாயில் நிரப்பி, நிறைந்ததும் காயலான் கடைக்காரருக்குத் தொலைபேசியில் சொல்கிறார்கள். அவர் தராசோடு வந்து, எடை போட்டு, கையோடு பணம் கொடுத்து எடுத்துப் போகிறார். சில கை மாறி அது கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மின்தூண்டல் உலைகளுக்குப் போய், உருகிக் கட்டியாகி, கட்டடக் கம்பியாக மாறி, சென்னையின் ஏதோ ஒரு மூலையில் எழும் வீட்டின் தூணுக்குள் போய்விடுகிறது. அரசாங்க உத்தரவோ மானியமோ இல்லாமல் வெறும் வியாபார நாணயத்தால் இயங்கும் இந்த ஏற்பாட்டைக் குறைவாக மதிப்பவர்கள் விஷயத்தை அறியாதவர்கள். ஒரு டன் பழைய இரும்பை உருக்கினால் 1.1 டன் இரும்புத் தாதுவும், 630 கிலோ நிலக்கரியும், 55 கிலோ சுண்ணாம்புக் கல்லும் மிச்சமாகும் என்று மத்திய அரசின் 2019-ஆம் வருஷத்துப் பழைய இரும்புக் கொள்கை கணக்கிடுகிறது. அலுமினியத்தில் லாபம் இன்னும் பெரிது: தாதுவிலிருந்து எடுக்கச் செலவாகும் மின்சக்தியில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் பழையதை உருக்கிவிடலாம்.

ஆனால் இந்தச் சுழற்சியில் ஒரு பெரிய நஷ்டம் மறைந்து கிடக்கிறது. காலையில் இ.என்.8 என்னும் சாதாரணக் கரி எஃகைக் கடைந்த அதே லேத்து, மாலையில் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த இ.என்.19 எஃகைக் கடைகிறது. இரண்டின் சுருளும் ஒரே பீப்பாயில் விழுகின்றன. பூமியின் ஏதோ ஒரு கண்டத்தில் தோண்டி எடுத்து, கடல் கடந்து வந்து, அரும்பாடுபட்டு எஃகில் கலந்த அந்த மாலிப்டினம், வீட்டுத் தூணின் கம்பியில் ஒருவருக்கும் பயன்படாமல் ஒளிந்துகொள்கிறது. தாமிரத் துணுக்குகள் சேர்ந்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். உருகிய இரும்போடு கலந்த தாமிரத்தைப் பிரிப்பது நடைமுறையில் இயலாத காரியம். சூடாக உருட்டும்போது பாளம் வெடிப்பு விடும். ஆகவே பொருள் திரும்புகிறதே தவிர, அதன் மதிப்பு திரும்புவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கீழே இறங்கிக்கொண்டு போகிறது. இந்த இறக்கத்தைத் தடுப்பதற்கு வேண்டியது அறிவு ஒன்றுதான்: எந்தப் பீப்பாயில் எந்த எஃகு என்ற அறிவு. கையில் பிடித்துச் சில விநாடிகளில் உலோகத்தின் கலவையைச் சொல்லும் எக்ஸ் கதிர்க் கருவி இன்று கிடைக்கிறது. ஆனால் அதன் விலை சில லட்சங்களைத் தாண்டுவதால், இரண்டு லேத்து வைத்திருப்பவருக்கும், தள்ளுவண்டியிலிருந்து தொடங்கிக் கடை வைத்தவருக்கும் அது எட்டாத பொருளாக இருக்கிறது.

இதே பட்டறைகளில் யந்திரம் துடைக்கப் பயன்படும் துணி பெரும்பாலும் பனியன் வேஸ்ட். திருப்பூரில் வெட்டிக் கழித்த பின்னல் துணியின் துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இங்கே இரண்டாவது பிறவி எடுக்கின்றன. ஒரு தொழிலின் கழிவு வேறொரு தொழிலின் கருவியாகும் இந்தப் பரிமாற்றத்தை யாரும் திட்டமிடவில்லை. எண்ணெய் தோய்ந்த பிறகோ அதே துணி சட்டத்தின்படி அபாயக் கழிவாகிவிடுகிறது. அதைத் தனியே சேர்த்துக் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவு நிலையத்துக்கு முறைப்படி அனுப்பும் வழக்கம் சிறு பட்டறைகளில் இன்னும் வேரூன்றவில்லை. அனுப்புவதற்குச் செலவு உண்டு. குப்பையோடு போட்டுவிட்டால் செலவே இல்லை. எந்தக் கழிவுக்கு விலை உண்டோ அது ஒழுங்காகத் திரும்புகிறது; எதற்கு விலை இல்லையோ அது மண்ணுக்கும் நீருக்கும் போகிறது. இந்தப் பிரதேசம் முழுவதிலும் நான் கண்ட வேறுபாடுகளில் முக்கியமானது இது.

கழிவாக மாறுவதற்கு முன்பே பொருளைப் புதுப்பித்துவிடுவது இன்னும் உயர்ந்த வழி. ஆவடியில் டி-72 டாங்கிகளை முழுவதும் பிரித்து, தேய்ந்த உறுப்புக்களை மாற்றி, மறுபடியும் பூட்டிச் சேனைக்கு அனுப்புகிறார்கள். பெரம்பூர்ப் பணிமனையில் ரயில் பெட்டிகளுக்கு இந்தச் சிகிச்சை தவணை தவறாமல் நடக்கிறது. அரசாங்கத்துக்குச் சொந்தமான டாங்கிக்கும் ரயில் பெட்டிக்கும் பிறந்த நாளிலிருந்து குறிப்பேடு உண்டு என்பதனால் எந்த உறுப்பு எத்தனை தூரம் உழைத்தது என்பது தெரிகிறது. தனியார் கார்களுக்கு அந்த வசதி இல்லாததால், பழைய கார்களைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டை வியாபாரிகள் தங்கள் அனுபவம் ஒன்றையே துணையாகக் கொண்டு அதைச் செய்துவந்தார்கள். 2021-ல் மத்திய அரசு அறிவித்த பழைய வாகனக் கொள்கையும், 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்கள் பற்றிய விதிகளும் அந்த வேலையைப் பதிவு பெற்ற நிலையங்களுக்கு மாற்ற முயல்கின்றன. வாகனம் செய்கிறவரையே அதன் முடிவுக்கும் பொறுப்பாளியாக்கும் அந்தக் கொள்கை சரியானது. ஆயினும் புதுப்பேட்டையின் கைத்திறனுக்கு அந்த நிலையங்களில் இடம் ஒதுக்காவிட்டால், காரை நசுக்கி எடைக்குப் போடுவதே மிஞ்சும். கழற்றி உயிரோடு எடுக்கக்கூடிய என்ஜினும் கியர் பெட்டியும் இரும்பின் விலைக்குப் போய்விடும்.

நீரின் விஷயத்துக்கு வருவோம். சென்னையின் பெரிய தொழிற்சாலைகள் கழிவு நீரைச் சுத்தம் செய்து உபயோகிக்கும் கலையை 1990-களின் தொடக்கத்திலேயே மணலியில் கற்றுக்கொண்டன. 2019-ல், நகரம் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்த அதே வருஷத்தில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினம் 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவு நீரை மூன்றாம் நிலைவரை சுத்திகரிக்கும் இரண்டு நிலையங்கள் ஏற்பட்டன. கோயம்பேட்டு நீர் குழாய் வழியாக மேற்கே சென்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பாய்கிறது. அந்த அளவுக்கு ஏரிகளின் குடிநீர் மக்களுக்கு மிச்சம். செம்பரம்பாக்கம் ஏரியை நம்பி வாழும் ஒரு நகரத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான முதலீடு அபூர்வம் என்றே சொல்வேன்.

பெரிய ஆலைகளுக்கு இப்படிக் குழாய் சென்ற காலத்திலும், தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் ஆழ்குழாய்க் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பியே இருக்கின்றன. அவற்றிலிருந்து வெளியேறுவது மழைநீர்க் கால்வாயைத் தேடிப் போகிறது. அம்பத்தூர், கொரட்டூர், ரெட்டேரி ஆகிய ஏரிகள் ஒன்று நிறைந்து மற்றொன்றில் வழியும்படி முன்னோர் அமைத்த தொடரைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த உபரி நீர் சென்ற அந்த வழியிலேதான் பிற்காலத்தில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்து கொரட்டூர் ஏரிக்கு வந்து சேர்ந்தன. ஏரியைக் காக்க அந்த ஊர் மக்கள் இயக்கம் கண்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று வழக்காடினார்கள். எண்ணெய்ச் சுருளைத் திறந்த வெளியில் குவித்துவைத்தால் ஒரு மழையில் அதன் எண்ணெய் எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. காயலான் கடை மூலம் இரும்பின் வட்டம் மூடிக்கொள்ளும் அதே இடத்தில், நீரின் வட்டம் அறுந்துபோகிறது.

எல்லாச் சுழற்சியும் நன்மையே என்று எண்ணிவிடுவதில் உள்ள ஆபத்துக்கு ஈயம் சாட்சி. மோட்டார் பாட்டரியின் ஈயம் உலகத்தில் மிக அதிகமாகத் திரும்ப உபயோகமாகும் உலோகங்களில் ஒன்று. பழையதைக் கொடுத்துப் புதியதில் விலை தள்ளுபடி பெறுவது நம் ஊரில் எல்லோரும் அறிந்த வழக்கம். ஆனால் அனுமதியின்றிக் கொல்லைப்புறங்களில் அதை உடைத்து உருக்கும் தேசங்களில், அமிலம் மண்ணிலும் ஈயப்புகை குழந்தைகளின் ரத்தத்திலும் ஏறுகின்றன. உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடிப் பேர்வரைக்கும், ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருப்பதாக யுனிசெப் 2020-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் பெரும்பகுதி வளரும் நாடுகளைச் சேர்ந்தது. முலாம் பூசும் தொழிலின் குரோமியமும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிப்போன ஒரு ரசாயன ஆலை விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு, கணக்கில்லாமல் விட்டதற்கு ஒரு ஜில்லா கொடுத்துவரும் விலை. பணக்கார நாடுகளின் விஷக்கழிவு ஏழை நாடுகளின் வாசலில் வந்து இறங்குவதைத் தடுக்க 1989-ல் பாசல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஒரே நாட்டுக்குள் பெரிய ஆலையின் விஷம் சிறு கொட்டகையின் வாசலுக்கு வருவதைத் தடுக்கும் உடன்படிக்கை ஒன்றும் நமக்கு வேண்டும்.

இங்கேதான் கணினியும், வலையமைப்பும், தானாகப் பதிவு செய்யும் கருவிகளும் சேர்ந்து விநியோகச் சங்கிலிக்குப் புத்தியூட்டும் என்று இப்போது சொல்லப்படுவதை நிதானமாக மதிப்பிட வேண்டும். அவற்றால் நன்மை இல்லை என்பது என் அபிப்பிராயமல்ல. 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்த இ-வே பில், மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத் தெரியும்படி செய்தது. மின்னணுக் கழிவுக்கும், 2022-ஆம் வருஷத்து விதிகளால் பாட்டரிக்கும், உற்பத்தியாளரே பொறுப்பு என்ற நியதியும் அதைக் கணக்கு வைக்கும் இணையதளமும் வந்துள்ளன. ஐரோப்பிய யூனியன் 2023 அக்டோபரிலிருந்து, இறக்குமதியாகும் இரும்பும் அலுமினியமும் எவ்வளவு கரியமிலவாயுவை வெளியிட்டு உற்பத்தியாயின என்று கணக்குக் கேட்கிறது. 2026 முதல் அதற்கு விலையும் விதிக்கிறது. திருகும் மறையும் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆகவே அம்பத்தூரில் போல்ட்டுச் செய்கிறவரிடம், அவர் வாங்கிய எஃகு எந்த உலையில் உருகியது, எத்தனை யூனிட் மின்சாரம் செலவாயிற்று என்று கேட்கும் காகிதங்கள் பெரிய கம்பெனி வழியாக வந்துகொண்டிருக்கின்றன.

இந்தக் கேள்விகள் நியாயமானவை. ஆனால் அவை செல்லும் திசை ஒன்றே ஒன்று. கீழே இருப்பவர் தகவல் கொடுக்கிறார்; மேலே இருப்பவர் அதைத் தொகுத்துத் தமது ஆண்டறிக்கையில் வெளியிடுகிறார். தகவல் கொடுத்தவருக்கு அதனால் எஃகின் விலை குறைந்ததா, கடன் சுலபமாயிற்றா, சுருளுக்குக் கூடுதல் விலை கிடைத்ததா என்று பார்த்தால், பெரும்பாலும் ஒன்றுமில்லை. பணம் ஒன்றும் கிடைக்காத இடத்தில் கணக்கு உண்மையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். பிளாஸ்டிக் கழிவைச் சுழற்சி செய்ததாகக் காட்டும் சான்றிதழ்களில் லட்சக்கணக்கானவை போலியென்று 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டுபிடித்தது. பதிவேடு கணினியில் இருந்ததனால் மட்டும் அது சத்தியமாகிவிடவில்லை.

சிறு பட்டறைக்காரரின் முதல் கவலை, செய்து கொடுத்த வேலைக்குப் பணம் எப்போது வரும் என்பது. 2006-ஆம் வருஷத்துச் சட்டம் 45 நாள் என்று வரையறுத்திருக்கிறது. அந்தக் காலத்துக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த பிறகே செலவாகக் கழிக்கலாம் என்று 2023-ஆம் வருஷத்து நிதிச் சட்டம் வருமான வரி விதியை மாற்றியது. விற்பனை 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கம்பெனிகள் ட்ரெட்ஸ் என்ற மின்னணு பில் சந்தையில் சேர வேண்டும் என்று 2024-ல் உத்தரவாயிற்று. பணம் தாமதமாகும்போது பட்டறைக்காரர் முதலில் வெட்டுவது கழிவை முறைப்படி அனுப்பும் செலவைத்தான் என்பதை, பேட்டையில் சில நாள் பழகியவர் யாரும் சொல்வார்கள். உரிய காலத்தில் வந்து சேரும் ஒரு பில், என் அபிப்பிராயத்தில், பத்துச் சுற்றுச்சூழல் கருத்தரங்குகளுக்குச் சமம்.

பட்டறைக்காரரின் அடுத்த கவலை வெள்ளம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அம்பத்தூர்ப் பேட்டையில் வெள்ளம் புகுந்தது. சி.என்.சி. யந்திரங்களின் மின்பெட்டிகள் நீரில் மூழ்கின. கடனில் வாங்கிய யந்திரம் நின்றாலும் தவணை நிற்கவில்லை. ஏரிகளின் இடையே தாழ்ந்த நிலத்தில் ஒரு பேட்டை அமைந்திருக்கிறது என்பதும், நீர் போகும் வழிகள் அடைபட்டிருக்கின்றன என்பதும் அப்போது எல்லோருக்கும் பிரத்தியட்சமாயிற்று. ஒரே தெருவில் மூன்று கொட்டகைகள் மூழ்கியதால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரிய ஆலையின் வரிசை தடைபடக்கூடும் என்றால், அந்தத் தெருவின் கால்வாய் பெரிய ஆலையின் கவலையும் ஆகவேண்டும் அல்லவா? விநியோகச் சங்கிலியின் உறுதியைக் கணிக்கும் மென்பொருள்கள் எத்தனையோ விற்கின்றன. கால்வாயின் மட்டத்தைக் கணக்கில் சேர்த்தது எது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியவை என்ன? சிறுதொழில் கூட்டமைப்புக்களுக்குப் பொது வசதி நிலையம் அமைக்க மத்திய, மாநில அரசுகள் பெரும்பங்கு மானியம் தரும் திட்டம் பல வருஷங்களாக உள்ளது. அந்தத் திட்டத்தின்கீழ் வேண்டுவது இன்னொரு அளவைக் கருவிக்கூடம் அல்ல. எஃகின் ரகத்தைச் சோதிக்கும் கருவி, சுருளிலிருந்து எண்ணெயைச் சுழற்றிப் பிரிக்கும் யந்திரம், பிரித்த சுருளை அழுத்திக் கட்டியாக்கும் யந்திரம், கழிவு எண்ணெயையும் துணியையும் சேர்த்துவைக்கும் கிடங்கு ஆகியவை ஒரே கூரையின் கீழ் இருந்தால், இ.என்.19 சுருள் இ.என்.19 ஆகவே எஃகு ஆலைக்குப் போகும். அதன் கூடுதல் விலையில் பட்டறைக்காரருக்கு ஒரு பங்கு கிடைக்கும். எண்ணெய் மறுபடியும் லேத்துக்கே திரும்பும்.

அந்த நிலையத்தை நடத்தத் தகுதியுள்ளவர்கள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரும்பின் நிறத்தையும் தீப்பொறியின் பூவையும் பார்த்தே ரகம் சொல்லும் காயலான் கடைக்காரர்களை விலக்கிவிட்டு, புதிய ஒப்பந்தக்காரரிடம் அதை ஒப்படைத்தால் நிலையம் ஒரு வருஷத்தில் பூட்டிக் கிடக்கும். 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பதிவு பெற்றவர்கள் தங்களுக்குள் விற்கும்போது 2 சதவீதம் முன்கூட்டியே பிடித்தமாகிறது. கணக்குக்குள் வராத வியாபாரத்தைக் கணக்குக்குள் இழுப்பதே இதன் நோக்கம். கணக்குக்குள் வருகிற சிறு வியாபாரிக்கு வங்கிக் கடனும், தராசுக்கும் கருவிக்கும் உதவியும், கூரையுள்ள இடமும் அதோடு சேர்ந்து கிடைத்தால் அவர் மகிழ்ச்சியோடு வருவார். வரி மாத்திரம் கிடைத்தால் வேறு சந்து வழியாகப் போய்விடுவார்.

பொது நிலையத்துக்கு நிலமும் மானியமும் கூடிவரக் காலம் ஆகும். வடகிழக்குப் பருவமழையோ வருஷந்தோறும் அக்டோபர் வாக்கில் வந்துவிடுகிறது. அதற்கு முன்பாக, தொழிற்பேட்டைச் சங்கங்களும் சிட்கோவும் பெரிய கம்பெனிகளும் செலவைப் பங்கிட்டு, ஒவ்வொரு பட்டறைக்கும் ரகத்துக்கு ஒன்றாக நிறம் பூசிய மூடியுள்ள பீப்பாய்களைக் கொடுத்து, காயலான் கடைகளின் முற்றத்திலுள்ள சுருள் குவியல்களுக்குத் தகரக் கூரையும் எண்ணெய் வடியச் சிறு தொட்டியும் அமைத்துக் கொடுக்கலாம். அடுத்த மழையில் கொரட்டூர் ஏரிக்கு எவ்வளவு எண்ணெய் வந்தது என்பதை அந்த ஏரியைக் காக்கப் போராடிய மக்களே அளந்து சொல்லட்டும்.